உப்பில்லாப் பேரரசு

நூலையும் நாடகத்தையும் திறனாய்வது கற்றோர் மரபு. கணினித் திரையில் இளைஞர் ஆடும் விளையாட்டொன்றைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது தகுமோ என இம்மலரின் வாசகர் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையம் எனக்கும் இருந்தது. அதனை நீக்கியவர் என் மாணவரே. போர்த்துக்கேயர் வருகையைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், ஆபிரிக்காவின் பழைய அரசுகளுள் எவற்றையேனும் அறிவீர்களோ என்று வகுப்பில் கேட்டேன். மூவர் எழுந்து மாலி என்றும் எதியோப்பியா என்றும் விடை பகர்ந்தனர். ஒருவன் சுந்தியாத்தா என்னும் மன்னனின் பெயரையும் கூறினான். எந்நூலிற் கற்றீர்கள் என வினவியபோது, நூலன்று, விளையாட்டு என்றனர். யான் கற்பியாததை ஒரு விளையாட்டுக் கற்பித்திருந்தது. அது செவ்வனே கற்பித்ததா என ஆராய்தல் ஆசிரியன் கடன் அன்றோ?

‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ என்னும் போர்த்தந்திர விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999 இல் வெளிவந்தது. அதற்கு இணைப்பாக 2015 இல் வெளியிடப்பட்டதே ‘ஆபிரிக்க அரசுகள்’ என்னும் பகுதி. எட்டுப் பேர் வரை ஒரே வேளையில் இதனை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு நாட்டு மக்களைத் தமக்கென ஏற்று, சில ஊரவரோடு தொடங்கி, உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கு பொருள்களையும் ஈட்டி, ஊர் அமைத்து, படை திரட்டி, மற்றையோரை வெல்ல முயல்வர். ஆட்டம் நிகழும் நிலப்படங்கள் கிளிமஞ்சாரோ, சேரெங்கெற்றி, நைல் கழிமுகம், சொக்கோத்திராத் தீவு முதலிய பெயர்களைத் தாங்கியவை. சதுரங்கப் பலகைக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. ஆதலின் அதன்மேல் எவரும் வரலாற்று வழக்குத் தொடுக்க இயலாது. இவ்விளையாட்டோ மாலி என்று பெயர் சொல்லி அழைக்கின்றது. பெயர் சொல்லி அழைத்தவன் அப்பெயருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன்.

முதற்கண் நிறைகளைக் கூறுவாம். ஆபிரிக்காவை இருண்ட கண்டம் என்று சொல்லிப் பழகிய காலம் மிக அண்மையது. அவ்விருளில் இருந்தவை அரசுகள் என்பதையும், அவற்றுக்கு மன்னரும் அரசியரும் பகையும் நட்பும் இருந்தன என்பதையும் நம் பிள்ளைகள் அறியச் செய்தது இவ்விளையாட்டின் முதல் நன்மை. சுந்தியாத்தா சோசோ அரசனை எதிர்த்து மாலிப் பேரரசுக்கு அடிகோலிய வரலாறும், எதியோப்பிய மரபிற் பேசப்படும் யோதித் அரசியின் கதையும் இதில் தொடர்கதைகளாக அமைந்துள்ளன. இரண்டாவது நன்மை வணிகம் பற்றியது. வணிக வண்டியோ மரக்கலமோ எத்துணைத் தொலைவிலுள்ள சந்தைக்குச் சென்று மீள்கின்றதோ அத்துணைப் பொன் கிட்டும் என்பது ஆட்ட விதி. தூரமே செல்வம் தருவது என்னும் இவ்வுண்மையை மாந்தைத் துறையின் வணிகர் நன்கறிவர்.

இனிக் குறைகளை நோக்குவாம். முதற் குறை உப்பு. மாலியின் செல்வம் பொன்னால் மட்டும் வந்ததன்று. தெற்கே பொன் விளைந்தது. சகாராவின் நடுவே தகாசாவில் உப்பு வெட்டப்பட்டது. உப்பைப் பொன்னுக்கு மாற்றும் வழியை எவன் காத்தானோ அவனே பேரரசன் ஆனான். 1352 இல் அவ்வழியே சென்ற இபின் பதூதா, தகாசாவில் வீடுகளும் உப்புக் கட்டிகளால் எழுப்பப்பட்டு ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்ததைக் குறித்துள்ளார். இவ்விளையாட்டிலோ பொன் உண்டு, கல் உண்டு, உப்பு இல்லை. மன்னார் உப்பளங்களின் வெண்குவியல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உப்பு எவ்வாறு ஓர் ஊரை வாழ்விக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பிள்ளைக்கு மாலியை உப்பில்லாமற் காட்டுவது, அவனுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒன்றை மறைத்து, விளங்காத பொன்னை மட்டும் காட்டுவதாகும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் முன்னோர். பேரரசுக்கும் அது பொருந்தும்.

பொன்னை மட்டும் காணும் இக்கண் புதிதன்று. மாலி மன்னன் மான்சா மூசா 1324 இல் மக்கா யாத்திரை சென்றபோது கெய்ரோவில் வழங்கிய பொன்னின் மிகுதியால் அங்குப் பொன்னின் மதிப்பே வீழ்ந்தது என்பர். அரை நூற்றாண்டின் பின், 1375 அளவில் வரையப்பட்ட கற்றலான் நிலப்படத்தில் அம்மன்னன் கையிற் பொன்னுருண்டையுடன் அமர்ந்திருக்கின்றான். அன்றைய படம் வரைந்தோன் கண்டதும் பொன். இன்றைய படம் அமைத்தோர் கண்டதும் பொன்.

இரண்டாம் குறை காலமும் இடமும் பற்றியது. மாலிக்குரிய தனிப்படையாக ‘கிபெத்தோ’ என்னும் பெண் வீரர் தரப்பட்டுள்ளனர். இவர்கள் தகோமே அரசைச் சேர்ந்தோர். தகோமேயோ பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. மாலியின் சிறப்புக் காலம் அதற்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்டது. முதலாம் இராசராசனின் சேனையிற் பண்டாரவன்னியனின் வீரரை நிறுத்தினால் நாம் பொறுப்போமா? அன்றியும், இவ்விணைப்பிற் புதிதாகச் சேர்க்கப்பட்ட மக்கள் பேர்பர், எதியோப்பியர், மாலியர், போர்த்துக்கேயர் என நால்வர். ஆபிரிக்க அரசுகள் எனத் தலைப்பிட்டு, நான்கில் ஓரிடத்தைப் போர்த்துக்கேயருக்கு ஈந்தமை வியப்பே. அவர்தம் கதைக்கு நாயகன் பிரான்சிசுகோ த அல்மெய்தா. 1505 இற் கில்வாவைக் கைப்பற்றி மொம்பாசாவை எரித்தவன் அவனே. இலங்கைக் கரையிலே முதன்முதல் இறங்கிய போர்த்துக்கேயத் தலைவன் லொரன்சோ அவனுடைய மகன். 1560 இல் அவ்வினத்தார் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினர். அவர்களின் பாத்திரம் விளையாட்டில் வேண்டாம் என்பதன்று என் வாதம்; வெற்றி கொண்டவனின் கப்பலிலிருந்து பார்த்தால் கரை எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே இப்படம் தோன்றுகின்றது என்பதே.

மூன்றாம் குறையே ஏனையவற்றினும் பெரிது. ஆட்டம் தொடங்கும்போது நிலப்படம் முழுவதும் கருமையாயிருக்கும். ஆடுவோனின் ஒற்றன் சென்ற இடம் மட்டுமே வெளிப்படும். வெளிப்பட்ட நிலத்தில் மரமும் விலங்கும் பொன்னும் கல்லும் இருக்கும். ஆடுவோருக்குரியோர் அல்லாத குடிமக்கள் பொதுவாக இரார். யான் காணும் வரையில் ஒரு நிலம் இல்லை. கண்டபின் அது வெற்று நிலம். ஆட்டத்துக்கு இஃது எளிமை தரும் விதி. ஆயின் ஆபிரிக்காவைக் கூறிட்டோர் கையிலிருந்த கொள்கையும் இதுவே. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; அப்போராண்டுகளில் தமிழரும் கடல் கடந்தும் காடு கடந்தும் அலைந்தனர். மீண்டு வந்தோர் தம் வளவுகளிற் புதர் மண்டியிருக்கக் கண்டனர். புதர் மண்டிய வளவைப் படத்தில் நோக்குவோன் வெற்று நிலம் என்பான். அது வெற்று நிலமன்று என்பதை இக்கரையில் வாழும் நாம் உறுதிபடச் சொல்ல வல்லோம். நம் பிள்ளைகள் விளையாட்டிலும் அதனை மறத்தலாகாது.

வெறும் விளையாட்டுத்தானே, இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பர் சிலர். அவருக்கு ஒன்று கூறுவேன். 2022 இல் வந்த மற்றோர் இணைப்பில் திராவிடர் என்ற பெயரில் நாமும் சேர்க்கப்பட்டோம். இராசேந்திர சோழன் ஒரு தொடர்கதைக்கு நாயகன் ஆனான். அதனைக் கண்ட நம் மாணவர் பெருமிதம் கொண்டனர். மாலி நாட்டுப் பிள்ளையும் அவ்வாறே பெருமிதம் கொண்டிருப்பான். பெருமிதம் கொள்ளத்தக்கது எதுவோ அது பிழையற்றிருத்தல் வேண்டும் என விழைவது குறைகூறலன்று; மதித்தலே.

பிழையற்ற படம் எவ்வாறிருக்கும்? அதற்குச் சான்று தொலைவில் இல்லை. ஆறாம் நூற்றாண்டிற் கொசுமாசு என்பார், இலங்கைத் துறைக்கு எதியோப்பியாவிலிருந்தும் கலங்கள் வந்தன என எழுதியுள்ளார்; அத்துறை மாந்தையே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். இபின் பதூதா 1331 இற் கில்வாவைக் கண்டார். 1344 இல் நம் கரைக்குத் தெற்கே புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்குவியலைக் கண்டார். பின்னர் மாலியையும் கண்டார். மாலியிற் பண்டமாற்றுக்கு வழங்கிய சோகிகள் மாலைதீவுக் கடலில் விளைந்தவை என்பதை, அத்தீவுகளில் வாழ்ந்திருந்த அவர் நன்கறிவார். மாலியில் வழிச்செல்வோன் கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றும், அங்கு இறந்த அயலவனின் பொருளை எவரும் கவர்வதில்லை என்றும் அவர் போற்றினார். பொன்னும் படையும் எண்ணத் தெரிந்த விளையாட்டுக்கு இவ்வறத்தை எண்ணத் தெரியவில்லை.

மன்னார்ப் பள்ளிமுனையிற் பத்தொன்பது மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவோடு ஒரு பெருக்க மரம் நிற்கின்றது. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழக்கு. அதே இன மரம் இவ்விளையாட்டின் நிலப்படத்திலும் நிற்கின்றது. அங்கு அஃது ஊரவன் வெட்டிக் கணக்கிற் சேர்க்கும் மரப்பொருள் மட்டுமே. மாணாக்கரே, ஆடுங்கள், ஆடவேண்டாம் எனச் சொல்லேன். ஆடி முடிந்தபின் ஒருமுறை பள்ளிமுனைக்குச் சென்று அம்மரத்தடியில் நில்லுங்கள். படத்தில் விடுபட்டவை எவை என்று அது உங்களை வினவும். அவ்வினாவுக்கு விடை தேடுவதே வரலாற்றுக் கல்வி.