யூடியூப்பை நம்பி ஆய்வு செய்யலாமா?

யூடியூப்பில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் ஊரான ‘அடி அண்ணாமலை’யின் பெயரைத் தட்டினால் கிரிவலக் காணொளிகள் வந்து குவிகின்றன. 14 கிலோமீட்டர் பாதை, எட்டு லிங்கங்கள், எந்த ராசிக்காரர் எந்த லிங்கத்தை வணங்க வேண்டும், பௌர்ணமி திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று எல்லாம் கிடைக்கும். நடுவே ஊர்க் கோயில் ஒரு நிமிடம் தலைகாட்டும். பிரம்மனே பிரதிஷ்டை செய்த லிங்கம், பெரிய கோயிலுக்கும் முந்தியது என்று பின்னணிக் குரல் உருகும். கும்பிட வருபவருக்கு இது போதும். இந்தப் பக்கத்துக் கோயில்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவிக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்தக் கல்வெட்டு, எந்த ஆண்டு, யார் படித்தது என்ற மூன்று கேள்விக்கும் அந்தக் குரலிடம் பதில் இருக்காது.

அதற்காக யூடியூப்பையே ஒதுக்கிவிட முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, சென்னை நூலகத்துக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கச் செலவழிக்க வேண்டிய ஊர்களில் ஆய்வு மாணவர்களின் முதல் ஆசான் செல்பேசிதான். நெறியாளரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை அதனிடம் கேட்கிறார்கள். அது எதைச் சொல்லித்தரும், எதைச் சொல்லித்தராது என்று பிரித்துப் பார்ப்பதுதான் தேவை. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று கற்கக் காணொளி அருமையான வழி. தகவலை எடுத்து ஆய்வேட்டில் வைக்க மோசமான வழி.

இதற்கு அடி அண்ணாமலையிலேயே உதாரணம் இருக்கிறது. இங்கே மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவை இந்த இடத்தில்தான் பாடப்பட்டது என்பது மரபு. மார்கழி பிறந்தால் அதைப் பற்றிய காணொளிகளும் பிறந்துவிடும். ஒன்றில் மாணிக்கவாசகர் மூன்றாம் நூற்றாண்டுக்காரர். இன்னொன்றில் ஒன்பதாம் நூற்றாண்டு. அறுநூறு ஆண்டு இடைவெளிக்கு இருவருமே ஒரு மூச்சுகூட நிற்பதில்லை. மறைமலையடிகள் ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்று பெரும் நூலே எழுதி மூன்றாம் நூற்றாண்டுக்காக வாதாடினார். ஒன்பதாம் நூற்றாண்டு என்பவர்களோ, சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் மாணிக்கவாசகர் பெயர் இல்லாததையும், திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் குறிப்பிடப்படுவதையும் முன்வைக்கிறார்கள். தொகையில் புலவர்களைப் பற்றி வரும் ஒரு தொடர் அவரைத்தான் குறிக்கிறது என்பது எதிர்த்தரப்பு. ஆய்வு மாணவிக்கு வேண்டியது இந்தச் சண்டைதான். பத்து நிமிடக் காணொளியில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான். சந்தேகத்தோடு பேசுகிறவரைவிட அடித்துப் பேசுகிறவருக்கே பார்வையாளர் அதிகம். எண்ணிக்கை கூடினால் யூடியூப்பும் அவரையே முன்னே நிறுத்துகிறது.

இனி மறுபக்கம். கல்வெட்டை மைப்படி எடுப்பதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டவர்கள் அபூர்வம். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் படியவிட்டு, தூரிகையால் தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். தாள் லேசாகக் காய்ந்ததும் மையை ஒற்றினால் பரப்பு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். எவ்வளவு ஈரம், எவ்வளவு பலமாகத் தட்டுவது, எந்தப் பதத்தில் மை என்பதெல்லாம் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டியவை. நடுகல்லும் அப்படித்தான். இந்த மாவட்டத்துச் செங்கம் வட்டார நடுகற்களின் வட்டெழுத்துகளை 1972இல் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது, இரா. நாகசாமி பதிப்பித்தார். நூலில் பாடம் இருக்கிறது. ஆனால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும், உச்சிவெயிலில் வெறும் கல்லாகக் கிடந்த பரப்பில் எழுத்து மேலெழும்பி வருவதைப் படம்பிடித்துக் காட்டினால், பாடத்தில் ஓர் எழுத்து ஏன் ஐயக்குறியோடு அச்சாகியிருக்கிறது என்று மாணவிக்கு அப்போதுதான் விளங்கும்.

எழுதும் பயிற்சிக்கும் இது பொருந்தும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லாரி மெக்எனர்னி பேசிய, 2014இல் யூடியூப்பில் ஏறிய ஒரு வகுப்பை ஆய்வேடு எழுதப்போகும் எவரும் பார்க்கலாம். உனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள எழுதாதே, படிப்பவருக்கு அதனால் என்ன பயன் என்று கேள் என்பது அவர் வாதத்தின் சாரம். ‘முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வுக் களம், இயல் பகுப்பு’ என்று அச்சில் வார்த்த நம் ஆய்வேடுகளுக்கு இது சரியான சூடு. புள்ளியியலில் தடுமாறுகிறவர்களுக்கு ஜோஷ் ஸ்டார்மரின் ‘ஸ்டாட்குவெஸ்ட்’ உண்டு. ஒரு சூத்திரத்தைப் படம் படமாக அவிழ்ப்பார். தொடக்கத்தில் பாட்டுப் பாடுவதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது என்.பி.டி.இ.எல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம். சென்னை ஐஐடியின் பிரதாப் ஹரிதாஸ் நடத்திய ஆய்வு அறிமுக வகுப்பு அதில் இருக்கிறது. என் கண்ணில் இதன் பெரிய பலம், பேசியது எழுத்துவடிவிலும் கிடைப்பது. வேண்டிய சொல்லைத் தேடி நேரே அந்த இடத்துக்குப் போகலாம். குறை, பெரும்பாலும் தேர்வை நோக்கியே நடப்பது. வாராவாரம் ஒப்படைப்பு, கடைசியில் தேர்வு, பிறகு சான்றிதழ் என்றானதும் பார்வையும் மதிப்பெண்ணுக்கு இறங்கிவிடுகிறது. பொறியியலுக்கு இருக்கும் விரிவில் கால்பங்குகூடத் தமிழியலுக்கு இல்லை என்பது இன்னொரு குறை.

2020 ஊரடங்கில் வந்த இணையவழிக் கருத்தரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்லூரிக்குக் கல்லூரி நடத்தினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நடுநடுவே ‘சார், நீங்க மியூட்ல இருக்கீங்க’. சிறப்புரை தொடங்குவதற்குள் பாதி நேரம் போய்விடும். படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வந்துவிடும். அந்தக் குவியல் இன்னும் யூடியூப்பில் கிடக்கிறது. உள்ளே நல்ல உரைகளும் உண்டு, தோண்டி எடுப்பவருக்குத்தான் பொறுமை வேண்டும். இதற்கு நேர்மாறாக, தமிழ் பாரம்பரிய அறக்கட்டளையும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பதிவேற்றும் உரைகளில் பேசுபவர் பெரும்பாலும் அந்தப் பொருளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களிலிருந்து பிறந்த நூலகம் அது. பேச்சைக் கேட்டுவிட்டு அங்கே போய் மூலத்தைப் புரட்டலாம். இந்த வசதி வேறு எத்தனை சானலுக்கு இருக்கிறது?

திருவண்ணாமலைக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு டேவிட் காட்மேன். 1976இல் வந்து தங்கியவர், ரமணாசிரம நூலகத்தைச் சில ஆண்டுகள் கவனித்தவர், 1985இல் ரமணரின் உபதேசங்களைத் தொகுத்து ‘பி ஆஸ் யூ ஆர்’ என்று வெளியிட்டவர். யூடியூப்பில் அவர் நீளநீளமாகப் பேசுகிறார். இசை இல்லை, பரபரப்பு இல்லை. பேச்சுக்குப் பின்னால் அவரே தொகுத்த நூல்கள் நிற்கின்றன, ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் அது பக்தரின் பார்வை. எதிர்க்கேள்வியை அதில் தேடக் கூடாது. மாணவி இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பழுதில்லை.

கடைசியாக மேற்கோள் பிரச்சினை. வாய்மொழித் தேர்வில் ‘இது எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் காணொளியில் பக்கம் ஏது? மணித்துளியைக் குறிக்கலாம். ஆனால் பதிவேற்றியவர் ஒருநாள் அதை நீக்கிவிட்டால் அடிக்குறிப்பு அந்தரத்தில் நிற்கும். அறிஞர் கருத்தை மாற்றிக்கொண்டால் நூலின் அடுத்த பதிப்பில் தடம் இருக்கும், பழைய பதிப்பும் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். காணொளிக்கு அந்தக் காப்பு இல்லை. திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியிலும், 1990இல் வெளிவந்த பி.ஆர். சீனிவாசனின் தொகுதிகளிலும் எண்ணிட்டு இருக்கின்றன. உரையில் கேட்ட செய்தியை அந்த எண்ணோடு பொருத்திய பிறகே ஆய்வேட்டில் ஏற்ற வேண்டும். நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், கல்வெட்டறிஞர்களின் உரைகளையும் எழுத்துப்படியோடும் நிலையான எண்ணோடும் சேமிக்கத் தொடங்கலாம். முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவை, கல்லின் முன்னால் நின்று வரிவரியாகப் படித்துக்காட்டும் பதிவுகள்.