செவியறிவுறூஉ: உரைப்பவர் யார்?

குடிகள் அரசுக்கு அறிவுரை கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. வேந்தன் செவியில் அறவுரையை ஏற்றும் துறையைச் செவியறிவுறூஉ என்பர். புறநானூற்று 35ஆம் பாட்டு அத்துறையினது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடித் தம் பழைய நிலக்கடன் நீங்கப்பெற்றார் என்கிறது அதன் இறுதிக் குறிப்பு.

அதனை வெறும் புகழ்ச்சிப் பாட்டாகக் கொள்வது பொருந்தாது. முறை வேண்டுவோர்க்கு வேந்தன் எளியனாதல் வேண்டும். அவன் குடை வெயில் மறைக்க அன்று, குடிகளுக்கு நிழல் தரவே. போர் வெற்றியும் உழுத சாலில் விளைந்ததே. மழை பொய்ப்பினும் உலகம் பழிப்பது வேந்தனையே. இங்ஙனம் காரணங்களை அடுக்கி, குடிகளைக் காத்தால் பகைவரும் பணிவர் என முடிக்கிறார் புலவர். இஃது இரப்பன்று, வழக்குரை. எனினும், பேசுபவர் வேந்தனை அணுகவல்ல புலவர். உழவர் அப்பாட்டில் பேசப்படுகின்றனர், பேசவில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறையை மக்களாட்சியின் முழு வடிவம் எனப் பலர் போற்றுவர். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய கண்டிப்பு போற்றத்தக்கதே. ஆனால் ஓலையில் பெயர் ஏறுவதற்கு இறை செலுத்தும் நிலமும், தன் மனையில் கட்டிய வீடும், மறைப் பயிற்சியும் வேண்டும். கூலிக்கு உழுதவனுக்கு அங்கு இடமில்லை. இதனை மறைத்துப் பாடம் நடத்துதல் வரலாறு ஆகாது.

இன்றைய நிலை யாது? மலேசியாவில் 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சி மன்ற உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. அதே ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமோ, உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து மறுப்புரை கேட்கச் சொல்கிறது. அத்தகைய திட்டம் இல்லாத இடத்தில், புதிய கட்டடம் எழுமுன் மறுப்புரைக்கும் உரிமையை அண்டை நில உடைமையாளருக்கே அறிவிக்க வேண்டும் என்கிறது. உத்தரமேரூரின் நில நிபந்தனை ஆயிரம் ஆண்டு கடந்தும் முற்றும் மறையவில்லை.

கேமரன் மலையில், கம்போங் ராஜாவை அடுத்த தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீட்டில் வாழ்வோர்க்கு நிலமும் வீடும் தமதல்ல. சாலையின் நன்மையும் மண்சரிவின் தீமையும் மட்டும் அவர்களைச் சாரும். அவர்களுக்குத் திறந்துள்ள வாயில் அந்த வரைவுத் திட்டமே. நாகனார் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், திட்ட அறிவிப்பையும் கோயில் மண்டபத்தில் தமிழில் விளக்கி, மறுப்புரை எழுதப் பழக்குதல் வேண்டும். நிலமற்றவன் தன் வாயால் உரைக்கும் நாளில்தான் செவியறிவுறூஉ நிறைவு பெறும்.