எட்டாம் அருட்சாதனம்: தபூ கோம்போவின் இசைத்தட்டும் பாடல் திறனாய்வின் எல்லையும்

தமிழ்த்துறைகளில் பாடல் குறித்து நிகழும் ஆய்வுகளுள் பெரும்பாலானவை சொல்லை மட்டுமே சான்றாகக் கொள்கின்றன. நாட்டார் பாடலாயினும் திரைப்பாடலாயினும், வரிகள் எழுத்தில் பெயர்க்கப்பட்டதும் தாளமும் கருவியும் ஆய்வாளரின் நோக்கினின்று மறைந்துவிடுகின்றன. இம்முறை எவ்விடத்தில் பயனற்றுப்போகிறது என்பதை உணர்த்த ஹைட்டி நாட்டு ஆடலிசைத்தட்டு ஒன்று தக்க சான்றாகிறது. தபூ கோம்போ குழுவினர் பாட, நியூயார்க்கின் மினி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1974இல் வெளியிட்ட '8த் சாக்ரமான்' என்பதே அது. சொற்களை மட்டும் படிப்பவருக்கு அது கேளிக்கைப் பாட்டு என்ற அளவிலேயே நின்றுவிடும்.

இவ்விசையின் மரபு 1955இல் தொடங்குகிறது. நெமூர் ழான்-பாப்திஸ்த் என்னும் இசைஞர் டொமினிக்கன் மெரெங்கேயின் தூண்டலோடு ஹைட்டியின் மெரெங் இசையைச் சீரான ஓட்டமுடையதாக்கிக் 'கோம்பா திரெக்' எனப் பெயரிட்டார். 1960களின் நடுவில் நகர இளைஞர்கள் ஊதுகருவிகள் மிகுந்த பெருங்குழுக்களைச் சுருக்கி, மின்கிதாரை முதன்மைப்படுத்திய சிறுகுழுக்களை அமைத்தனர். இவை 'மினி ஜாஸ்' எனப்பட்டன. ஈண்டு 'ஜாஸ்' என்பது அமெரிக்க இசைவகையைக் குறிப்பதன்று. இசைக்குழு என்பதற்கு ஹைட்டியில் வழங்கும் சொல் அது. 'மினி' என்பதோ அக்காலத்துப் பெண்களின் குட்டைப்பாவாடையிலிருந்து வந்தது. தபூ கோம்போ 1968இல் பெத்தியோன்-வில் நகரில் இத்தகைய குழுவாகத் தோன்றி, 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மீண்டும் ஒன்றுகூடியது.

தலைப்பே கருதற்குரியது. '8த்' ஆங்கிலம், 'சாக்ரமான்' பிரெஞ்சு, உள்ளே பாடப்படுவதோ பெரும்பாலும் கிரியோல். புலம்பெயர்ந்தோரின் மொழிநிலை இரண்டு சொற்களுக்குள் அமைந்துவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும் அருட்சாதனங்கள் ஏழு. எட்டாவதாக ஆடலை வைப்பது இளைஞரின் குறும்பு எனத் தள்ளிவிடலாம். ஆயினும் 1941-42இல் திருச்சபை வூடூ வழிபாட்டிற்கு எதிராக இயக்கம் நடத்தி, அதன் புனிதப் பொருள்களையும் முழவுகளையும் அழித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இவர்கள். முழவிசைக்கு அருட்சாதன நிலை அளிக்கும் தலைப்பை அந்நாட்டு வரலாற்றோடு சேர்த்தே படிக்கவேண்டியுள்ளது.

இத்தட்டைப் பற்றிப் பேசுவோர் ஃபங்க், சைக்கடெலிக் ராக், கோம்பா ஆகியவற்றின் 'கலப்பு' என்று கூறி அமைவர். இச்சொல் மூன்றும் சமநிலையில் நிற்பதான தோற்றத்தைத் தருகிறது. கேட்டுப் பார்த்தால் அங்ஙனமில்லை. ஃபங்க் இசை முதல் அடியை அழுத்தி, இடையிடையே வெற்றிடம் விட்டு, அவ்வெற்றிடத்தால் உடலை அசைப்பது. கோம்பாவோ இணையர் நெருங்கி நின்று ஆடுவதற்கான இடையறா ஓட்டமுடையது. தபூ கோம்போ கிதாரின் வெட்டுவெட்டான தாக்கொலிகளையும் பாஸ் கிதாரின் துள்ளலையும் ஃபங்கிலிருந்து பெறுகிறது. முழவும் இரும்புமணியும் அமைக்கும் அடித்தளத்தை மாற்றவேயில்லை. வீடு கோம்பாவினுடையது, ஃபங்க் அதற்கு வந்த விருந்து. நெமூரின் குழுவில் புகழ்பெற்றிருந்த அக்கார்டியன், ராக் சாயல் கொண்ட மின்கிதாரின் அருகிலேயே இங்கு ஒலிப்பதும் நோக்கத்தக்கது. தந்தையர் தலைமுறையின் கருவி புறந்தள்ளப்படவில்லை. சைக்கடெலிக் கூறு இவற்றினும் மெலிது. சில இடங்களில் அது காலத்தின் மோஸ்தர் என்ற அளவைத் தாண்டவில்லை என்பதே என் கருத்து.

பாடல்களின் கட்டமைப்பில்தான் இத்தட்டின் வலிமை உள்ளது. சொற்பகுதி முதலில் வந்து விரைவில் முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒரு சிறு இசைத்தொடர் சுழன்று சுழன்று வர, பாடகர் விளியும் கூவலுமாக ஆடுவோரை ஊக்குகிறார். 'நியூயார்க் சிட்டி' என்னும் நெடும்பாடலில் இவ்வமைப்பு முழுமை பெறுகிறது. வரிகளைப் பெயர்த்தெழுதும் ஆய்வாளர், பாடல் உண்மையில் தொடங்கும் இடத்தில் எழுதுகோலை மூடிவைத்துவிடுவார்.

இங்கு ஒரு வலிய மறுப்பு எழும். 1957 முதல் 1986 வரை ஹைட்டி துவாலியே குடும்பத்தின் கொடுங்கோலாட்சியில் கிடந்தது. அக்காலத்தே நியூயார்க்கில் 'கில்தி லிபெத்தே' என்னும் விடுதலைப் பண்பாட்டு இயக்கத்தினர், ஆடலிசை மக்களை மயக்குகிறது எனக் குற்றஞ்சாட்டினர். அவ்வியக்கத்தைச் சேர்ந்த அதிஸ் எந்தெப்பந்தான் குழுவின் அரசியற் பாடல்களைப் பாரடோன் நிறுவனம் 1975இல் இசைத்தட்டாக வெளியிட்டது. இரண்டும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்தவை. நம் பாடத்திட்டத்திற்கு எதைத் தேர்வோம் எனக் கேட்டால் ஐயமின்றி இரண்டாவதையே தேர்வோம். அதற்கு எழுதிக்காட்டத்தக்க பொருள் உள்ளது. அக்குற்றச்சாட்டை முற்றும் மறுக்க நான் முனையவில்லை. தபூ கோம்போவின் மௌனம் மௌனமே. அதனை மறைமுக எதிர்ப்பு என்று விளக்குவது ஆய்வாளரின் ஆசையைப் பாட்டின்மேல் ஏற்றுவதாகும். ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சே கோலோச்சிய நாட்டின் மக்கள், அயல்நகரில் தம் வீட்டுமொழியில் கூவி அழைக்கப்பட்டு ஒரே தாளத்தில் கூடி ஆடியது பொருளற்ற செயலன்று. கிரியோலுக்கு அரசியலமைப்பு ஆட்சிமொழித் தகுதி அளித்தது 1987இல்தான்.

1975இல் 'நியூயார்க் சிட்டி' பிரான்சில் பெருவெற்றி பெற்றது. கிரியோல் அறியாத பாரிஸ் நகரத்தார் அதற்கு ஆடினர். பின்னர் 1979இல் பாரிஸில் தோன்றிய கசாவ் குழு வளர்த்தெடுத்த ஸூக் இசையிலும் கோம்பாவின் தடம் உண்டு. சொல் பின்தங்க, தாளம் கடல் கடந்த இவ்வரலாற்றை எழுதுவதற்கு வரிகளின் பட்டியல் உதவாது. எந்தக் கணத்தில் சொல் நிற்கிறது, எந்தக் கருவி அதன் இடத்தை ஏற்கிறது, எத்தனை சுற்று அது நீடிக்கிறது என்பனவும் பனுவற் குறிப்பில் இடம்பெறவேண்டும். நம் களஆய்வு ஒலிப்பதிவுகளைப் பெயர்த்தெழுதும் மாணவர்க்கும் இதையே நான் பரிந்துரைக்கிறேன்.