வினைலை உரிக்கும் நாளில்

ஜெர்மனியில் டாக்சி என்றால் வெளிர் தந்த நிறம். வண்ண அட்டவணையில் அதற்கு ஆர்ஏஎல் 1015 என்று எண். 1970களின் தொடக்கத்தில் சட்டமே அந்த நிறத்தைக் கட்டாயமாக்கியது. பிற்பாடு சில மாநிலங்கள் விலக்கு கொடுத்தன என்றாலும், அங்கே தெருவில் இறங்கினால் இன்னமும் கண்ணில் படுவது அந்த நிறம்தான். டாக்சிக்காரருக்கு இதில் ஒரு நஷ்டம் இருந்தது. சில வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போனால், நிறத்தைப் பார்த்ததுமே பழைய டாக்சி என்று தெரிந்துவிடும், விலை படுத்துவிடும். 1990களில் வழி பிறந்தது. கறுப்பு, வெள்ளி என்று சந்தையில் விலைபோகும் நிறத்தில் புது கார் வாங்குவது, மேலே தந்த நிற வினைலை ஒட்டி ஓட்டுவது, விற்கும்போது உரித்துவிடுவது.

வினைல் ராப் பெயின்டைக் கெடுக்குமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சியை என்னால் காட்ட முடியாது. டாக்சி என்பது பகலிரவு ஓடும் வண்டி. மழை, பனி, குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு எல்லாவற்றையும் தின்கிறது. உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்திருந்தால், பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் அந்தத் தொழில் இந்த வழக்கத்தை எப்போதோ கைகழுவியிருக்கும்.

ஆகவே ராப் போட்டாலே பெயின்ட் போய்விடும் என்பது வெறும் பயமுறுத்தல். அதேசமயம், ‘பெயின்டுக்கு இது பாதுகாப்பு சார்’ என்று நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் சொல்லப்படுவதையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. அந்த டாக்சி தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த வண்டி. என்றைக்கு உரிக்கப் போகிறோம் என்பது ஒட்டும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். மேலே அடிப்பது ஹாம்பர்க் வெயில். இந்த மூன்றில் எது நம்மிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஜெர்மனியைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

கம்பெனி பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் பாஸ்பேட், அதன்மேல் மின்சாரம் பாயும் தொட்டியில் முக்கியெடுக்கும் ஈ-கோட், பிறகு பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் பளபளப்புத் தரும் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஈ-கோட்டை 160 டிகிரிக்கு மேலும், கிளியர் கோட்டை 140 டிகிரி செல்சியஸ் வாக்கிலும் சூளையில் வேகவைக்கிறார்கள். அப்படி வெந்த பெயின்ட் தகட்டை விட்டு லேசில் வராது.

வினைலை உரிக்கும்போது மூன்று பிடிமானங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. பசை வினைலைப் பிடித்திருக்கிறது. அதே பசை மறுபக்கம் பெயின்டைப் பிடித்திருக்கிறது. பெயின்ட் தகட்டைப் பிடித்திருக்கிறது. இழுக்கும்போது எது பலவீனமோ அது விடும். நல்ல ராப் தயாரிப்பவர்கள் நடுவில் இருக்கும் பிடி முதலில் விடும்படி பசையைச் செய்கிறார்கள். அப்படி விட்டால் வினைல் சுத்தமாக வந்துவிடும். முதல் பிடி விட்டால் பசை காரிலேயே தங்கும். துடைத்து எடுக்க ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். மூன்றாவது பிடி விட்டால் பெயின்ட் வினைலோடு கிளம்பிவிடும். அப்போது பழி முழுக்க ராப்பின் மேல் விழும். உண்மையில் அங்கே தோற்றது பெயின்ட்.

எந்தப் பெயின்ட் தோற்கும் என்பதற்கும் பதில் இருக்கிறது. டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து அடித்த பெயின்ட் சூளையைப் பார்த்ததே இல்லை. நல்ல கடையாக இருந்தால் 60, 70 டிகிரி பூத்தில் காய்ந்திருக்கும். மற்ற கடைகளில் வாசலில் நிறுத்திக் காயவைத்ததோடு சரி. பழைய பெயின்டைச் சரியாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் மேலேயே அடித்திருந்தால், அது கார் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கழுவினால் போகாது, பாலீஷ் போட்டாலும் போகாது. ஆனால் முழுப் பரப்பையும் பற்றியிழுக்கும் ஒரு பசைக்கு முன்னால் அதன் சாயம் வெளுத்துவிடும். அடித்த சில நாளிலேயே மேலே வினைல் ஒட்டினால் இன்னொரு வம்பு: பெயின்டிலிருந்து வெளியேற வேண்டிய கரைப்பான் ஆவி உள்ளேயே சிக்கிக் குமிழ் விடும். நன்றாகக் காய்வதற்குச் சில வாரங்கள் விட வேண்டும் என்று ராப் கம்பெனிகளே எழுதித்தான் வைத்திருக்கின்றன. யார் படிக்கிறார்கள்?

பம்பர் தனிக் கதை. அது பிளாஸ்டிக். 140 டிகிரி சூளையில் வைத்தால் வளைந்துவிடும் என்பதால் தனியாகக் குறைந்த வெப்பத்தில் பெயின்ட் செய்கிறார்கள். இடிபடுவதும் அதுதான், அடிக்கடி திரும்பப் பெயின்ட் ஆவதும் அதுதான். ஒரு கடையில் வெள்ளைக் கார் ஒன்றின் மேட் கறுப்பு ராப்பை உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கதவிலும் பானெட்டிலும் ஹீட் கன்னைக் காட்டக் காட்ட முழம் முழமாக வந்தது. பின் பம்பரின் மூலைக்கு வந்ததும் வினைலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக். உரித்துக்கொண்டிருந்த பையன் கையை நிறுத்திவிட்டு, “அண்ணே, இது கம்பெனி பெயின்ட் இல்லண்ணே” என்றான். கார்க்காரர் மறுத்துப் பேசவில்லை. எப்போது இடித்தது, எங்கே பெயின்ட் அடித்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒட்டுகிற அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, கடையிலும் கேட்கவில்லை.

இனி வினைலின் பக்கம் உள்ள குறைகள். காஸ்ட் வினைல் என்பது திரவமாக ஊற்றிப் பரப்பி, சூடாக்கி உறையவைத்த படலம். உள்ளே இழுவிசை கிடையாது. வளைவுகளில் படியும், படிந்த இடத்தில் நிற்கும். காலண்டர் வினைல் என்பது உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது. இழுபட்டதை அது மறப்பதில்லை, சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். விளிம்புகள் பின்வாங்கும், வெளியே தெரியும் பசையில் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடாக நிற்கும். கடை போர்டுக்கும் சமதளமான வேன் பக்கவாட்டுக்கும் அது போதும். விலை குறைவு என்று அதை முழுக் காருக்கும் சுற்றுவது பொய்ச் சிக்கனம்.

எந்த வினைலானாலும் அதை மிருதுவாக வைத்திருப்பது பிவிசியோடு கலந்த பிளாஸ்டிசைசர். வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறது, பசையையும் இறுக்குகிறது. ராப் கம்பெனிகள் கூரைக்கும் பானெட்டுக்கும் கதவைவிடக் குறைவான ஆயுளே சொல்வதும், வெப்ப நாடுகளுக்கு அதையும் குறைப்பதும் இதனால்தான். சென்னையில் மே மாத மதியம் வெட்டவெளியில் நிற்கும் காரின் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலம் கடந்த ராப் அப்பளம்போல நொறுங்கும். முழம் முழமாக வர வேண்டியது நகத்தளவு சில்லுகளாக வரும். அப்போதுதான் பிளேடால் சுரண்டுவது, ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டுவது, பசையைப் போக்கத் தின்னர் ஊற்றித் துடைப்பது எல்லாம் ஆரம்பமாகும். சூளையில் வெந்த கிளியர் கோட் தின்னரை ஓரளவு தாங்கலாம். டிங்கரிங் கடைப் பெயின்ட் மங்கிக் குழைந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ பசை நீக்கும் திரவமோ போட்டுப் பொறுமையாகத் துடைப்பதுதான் முறை. கூலி நாள்கணக்கில் ஏறும் என்பதால் அந்தப் பொறுமை அரிதாகவே கிடைக்கிறது.

கடைக்காரர்கள் வாய்திறக்காத விஷயம் கத்தி. கதவு இடுக்கிலும் விளக்கைச் சுற்றியும் அதிகப்படி வினைலை வெட்டும்போது, பெயின்டின் மேல் வைத்தே பிளேடை ஓட்டுகிறார்கள். கை கொஞ்சம் அழுந்தினால் போதும், கிளியர் கோட்டைத் தாண்டிக் கீறல் இறங்கிவிடும். ராப் இருக்கும்வரை தெரியாது. உரித்த பிறகு விளக்கைச் சுற்றி மயிரிழைக் கோடு தெரியும். கடற்கரை ஊர்களில் அந்தக் கோடு பழுப்பேற அதிக நாளாகாது. இதைத் தவிர்ப்பதற்கென்றே நூல் பதித்த டேப் இருக்கிறது. முதலில் டேப்பை ஒட்டி, மேலே வினைலை ஒட்டி, நூலை இழுத்தால் கத்தியே படாமல் வெட்டு விழும். ராப் போடப் போகிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறம் பற்றியதோ விலை பற்றியதோ அல்ல. இந்த டேப்பைப் பயன்படுத்துவார்களா என்பதுதான்.

பாதுகாப்பு என்ற பேச்சு முழுப் பொய்யும் அல்ல. வெயிலின் புற ஊதாக்கதிரை வினைல் தடுக்கிறது, துணியால் துடைக்கும்போது விழும் மெல்லிய கீறல்களைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் பசையோடு சேர்த்தே சுமார் 100 மைக்ரான் இருக்கும் படலம், நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறிக்கவிடும் கல்லைத் தடுக்காது. அதற்கென்று இருப்பது பிபிஎஃப் என்னும் பாலியூரித்தேன் படலம். இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிமன், ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்கப் பிறந்த சரக்கு. விலையும் அதற்கேற்ப. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் விற்பனைத் தந்திரமே இருக்கிறது. ஏற்கெனவே துரு பிடித்த புள்ளியை வினைல் ஆற்றிவிடாது. மூடிவைக்கும், அவ்வளவுதான். பாதிக் காருக்கு மட்டும் ஒட்டினால் நிழல் காத்த பாதி புதுசாகவும் மற்றது வெளுத்தும் நிற்கும். பழைய சிவப்புக் கார்களில் ஸ்டிக்கர் எடுத்த இடத்தில் எழுத்து அப்படியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். முழுக் காரின் நிறத்தையும் மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் உள்ள நிறத்தோடு பொருந்தாமல் போகும் என்பதையும், அதற்கு ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது செகண்ட் ஹேண்ட் சந்தை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரோடு போகிறார்கள். 120 மைக்ரான் காட்டினால் கம்பெனி பெயின்ட். பல நூறு காட்டினால் பட்டி இருக்கிறது. ராப் போட்ட காரில் மீட்டர் வினைலையும் சேர்த்தே அளக்கும். வினைலின் தடிமன் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். எந்த வினைல் என்பது பல சமயம் விற்பவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலையே செய்யாது. ஜெர்மன் டாக்சிக்காரர் உரித்துவிட்டு விற்கிறார். இங்கே ராப்போடு விற்பவர்களும் உண்டு. அப்படி ஒரு காருக்கு விலை பேசுவதற்கு முன்னால் பானெட்டையும் ஒரு கதவையுமாவது உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலையைச் சொல்லுங்கள்.