பின்பாட்டுக்காரர்களின் காலம்

டூ-வாப் என்ற அமெரிக்கக் குழுப்பாட்டைக் கேட்பதற்கென்று ஒரு வழி இருக்கிறது. மைக் முன்னால் நின்று உருகுகிறாரே, அவரை முதல் இரண்டு தடவை கேட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். காது அவருக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே மூன்று பேரோ நான்கு பேரோ பொருளில்லாத அசைகளை வைத்துக்கொண்டு ஒரு வாத்திய கோஷ்டியையே நடத்திக்கொண்டிருப்பார்கள். அடியில் ஒரு கனத்த குரல் டபுள் பாஸின் வேலையைப் பார்க்கும். நடுவில் இரண்டு குரல்கள் பியானோக்காரரின் இடது கையாக இருக்கும். உச்சியில் ஒரு கள்ளக்குரல் வயலின் போல மிதக்கும். காதலைச் சொல்பவர் ஒருவர்தான். அதை நம்மை நம்ப வைப்பது பின்னால் நிற்பவர்கள்.

இந்தக் கலை வறுமையில் பிறந்தது. 1950களில் அமெரிக்க வடகிழக்கு நகரங்களின் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் இத்தாலியப் பிள்ளைகளுக்கும் வாத்தியம் வாங்கக் காசில்லை, தொண்டை இருந்தது. தெருமுனை விளக்கடியில் கூடினார்கள். குரல் நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் எதிரொலி வேண்டும். அதனால் மாடிப்படிக்கட்டு, சுரங்க ரயில் நிலையம், ஓடு பதித்த பள்ளிக்கூடக் கழிப்பறை எல்லாம் ஒத்திகைக் கூடங்களாயின. பிற்பாடு ஸ்டூடியோக்காரர்கள் கருவி வைத்து அந்தப் படிக்கட்டின் எதிரொலியைத்தான் திரும்பச் செய்தார்கள். சிகாகோவின் ஃபிளமிங்கோஸ் குழு 1959-ல் பாடிய 'ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ' அதற்குச் சிகரம். 1934-ல் ஒரு சினிமாவுக்காக ஹாரி வாரனும் ஆல் டூபினும் எழுதிய பாட்டு அது. இருபத்தைந்து வருடம் கழித்து இவர்கள் கையில் அது கிணற்றுக்குள்ளிருந்து வரும் கனவாகிவிட்டது. கனெக்டிகட்டின் ஃபைவ் சாட்டின்ஸ் 1956-ல் தங்கள் பெரிய பாட்டை ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டில் கேட்பது அந்த அறைதான்.

நியூஜெர்சியில் குடியிருக்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்த மாநிலத்துக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவு தெரியாது. ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கப் போகிறோமே, அந்த எடிசன் நகரத்தின் மென்லோ பார்க்கில்தான் 1877-ல் தாமஸ் எடிசன் குரலை முதன்முதலாகப் பதிந்து திரும்பப் பேசவைத்தார். அப்போது அந்த ஊருக்குப் பெயர் ராரிட்டன். எடிசன் என்று மாற்றியது 1954-ல். மாநிலத்தின் தென்மேற்கில் கேம்டன். 1901-ல் விக்டர் கம்பெனி அங்கே தொடங்கியது. நம் தாத்தாக்கள் வைத்திருந்த எச்.எம்.வி. தட்டில் குழாய்க்குள் காதைக் கொடுத்துக் கேட்கும் நாய் இருக்குமே, அதே நாய்தான் விக்டருக்கும் முத்திரை. அந்தக் கட்டிடத்தின் கோபுரத்தில் வண்ணக் கண்ணாடியில் இன்றும் அந்த நாய் இருக்கிறது. கீழே இப்போது அடுக்குமாடி வீடுகள். 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டர் வெளியிட்டதுதான் ஏழு அங்குல 45 தட்டு. நடுவில் பெரிய ஓட்டை, பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைச்செலவுக்குக் கட்டுப்படியான விலை. இந்தத் தட்டு வந்திராவிட்டால் தெருமுனைக் குழுக்கள் தெருமுனையோடு நின்றிருக்கும்.

தட்டு மலிவானது என்பதால் யார் வேண்டுமானாலும் பாடிப் பார்க்கலாம் என்று ஆயிற்று. நூவர்க்கின் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த, நியூ ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடிப் பழகிய ஆறு இளைஞர்கள் மோனோடோன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் காதில் பெப்சோடென்ட் பற்பசை விளம்பர மெட்டு ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து பிறந்தது 1958-ல் வந்த 'புக் ஆஃப் லவ்'. ஒத்திகையின்போது வெளியே விளையாடிய பிள்ளைகளின் பந்து வந்து ஜன்னலில் மோதிய சத்தத்தையும் பாட்டில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த ஒரு பாட்டுக்கு மேல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இந்த வகையில் பாதிக் குழுக்களின் கதை அதுதான்.

நான் அடிக்கடி திரும்பிப் போவது பஸேயிக் நகரத்துக்கு. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 1957-ல் ஷிர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஏடி ஹாரிஸ், பெவர்லி லீ என்ற நான்கு தோழிகள் பள்ளி விழாவுக்காக ஒன்றுசேர்ந்தார்கள். தாங்களே ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்த்தது முதல் வாரக் கடைசியில் அவனுக்கு டாட்டா காட்டுவது வரை நாளுக்கு ஒன்றாக நடந்ததைச் சொல்லும் பாட்டு. வகுப்புத் தோழி ஒருத்தி விடாப்பிடியாகத் தன் அம்மாவிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மா ஃப்ளாரன்ஸ் கிரீன்பர்க். குடும்பத் தலைவியாக இருந்து தட்டுக் கம்பெனி நடத்தக் கிளம்பியவர். 1958-ல் பாட்டு தட்டாக வந்தது, டெக்கா கம்பெனி வாங்கியது, ஷிரெல்ஸ் என்ற பெயர் ஊருக்குத் தெரிந்தது. பிறகு கிரீன்பர்க் தொடங்கிய ஸ்கெப்டர் கம்பெனிக்குப் பாடினார்கள்.

1960-ன் கடைசியில் வந்தது 'வில் யூ லவ் மீ டுமாரோ'. வரிகள் ஜெரி காஃபின், பகலில் ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்தவர். மெட்டு அவர் மனைவி கரோல் கிங், அப்போது வயது 18, இடுப்பில் கைக்குழந்தை. வயலின், செல்லோ வரிசைகளையும் அவரே எழுதினார். இது நாட்டுப்புற வெள்ளையர் பாட்டுப் போல இருக்கிறதே என்று ஷிர்லிக்கு முதலில் பிடிக்கவில்லையாம். 1961 ஜனவரியில் அது பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று ஹாட் 100-ல் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

இந்தப் பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டூ-வாப் மெட்டுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடப்பவை: சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கார்டுகள், மறுபடி சி. நூற்றுக்கணக்கான பாட்டுகள் இந்த ஒரு வட்டத்தையே சுற்றின. கரோல் கிங் அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே நடக்கிறார். இந்த இரவின் ஒளி பற்றி வரும் இடத்தில் மட்டும் சட்டென்று ஈ மேஜர் கார்டு ஒன்றை வைக்கிறார். நம் கணக்கில் சொன்னால், சங்கராபரணத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டுக்குள் சுத்த தைவதம் எட்டிப்பார்க்கிறது. அடுத்த கணமே ஏ மைனர் வந்து அதைச் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏற்றிவிடுகிறது. ஒரு கண் இமைக்கும் நேரம்தான். அந்தப் பெண்ணின் சந்தேகம் முழுக்க அந்த ஒரு ஸ்வரத்தில் இருக்கிறது.

ஷிர்லியின் குரலைப் பெரிய குரல் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் சுருதி ஓர் இழை இறங்கியே நிற்கும். கமகம், அலங்காரம் ஒன்றும் கிடையாது. கேட்கப் பயந்து கேட்கிற ஒரு பெண் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்கிறார். இன்று இருக்கிறாய், நாளை இருப்பாயா என்ற கேள்வி. சில வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்ப மறுத்தன. நமக்கு இது புதிய கேள்வி இல்லை. குறுந்தொகையில் கபிலரின் தலைவி, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், அன்று சாட்சிக்கு நின்றது மீனுக்குக் காத்திருந்த குருகு ஒன்றுதானே என்று தோழியிடம் புலம்பவில்லையா? ஷிர்லிக்குப் பின்னால் நிற்கும் மூவரும் எனக்கு அந்தத் தோழிகளாகத்தான் கேட்கிறார்கள். ஆறுதல் சொல்வதில்லை, புத்தி சொல்வதில்லை. சின்னச் சின்ன அசைகளால் அவள் பக்கத்திலேயே நடந்து வருகிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் பாட்டு ஒரு புகாராகிவிடும். அவர்கள் இருப்பதால் அது பெண்களுக்குள் நடக்கும் பேச்சாகிறது.

அந்தத் தட்டின் மறுபக்கம் 'பாய்ஸ்'. 1963-ல் வெளிவந்த பீட்டில்ஸின் முதல் எல்.பி.யில் ஷிரெல்ஸ் பாடிய இரண்டு பாட்டுகள் உண்டு, அதில் இது ஒன்று. ஒரு பெண் பையன்களைப் பற்றிப் பாடிய பாட்டை ரிங்கோ அப்படியே பாடினார்! பொதுவாகப் பழைய 45 தட்டுகளில் காதல் பாட்டுப் பக்கம் ஊசி தேய்த்துச் சாம்பல் பூத்திருக்கும், மறுபக்கம் பளபளவென்று இருக்கும். இந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது, இரண்டு பக்கமும் சாம்பல். முன்பு யாரோ ஒரு வீட்டில் நன்றாக ஆடியிருக்கிறார்கள்.

ஜெர்சி சிட்டியின் டூப்ரீஸ் வேறு ரகம். டிக்கின்சன் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றி உருவான இத்தாலியப் பையன்கள். 1962-ல் 'யூ பிலாங் டு மீ' பாடினார்கள். ஜோ ஸ்டாஃபோர்டு பத்து வருடம் முன்பே பாடிப் புகழ்பெற்ற பாட்டு. கோயெட் கம்பெனியின் ஜார்ஜ் பாக்ஸ்டன் பழைய பேண்டு தலைவர் என்பதால், தெருமுனைக் குரல்களுக்குப் பின்னால் முழு பித்தளை வாத்திய வரிசையை நிறுத்திவிட்டார். எம்.எஸ்.வி.-ராமமூர்த்தியின் 1960களின் சேர்ந்திசையில் ஊறிய காதுக்கு டூப்ரீஸ் உடனே பிடித்துப்போகும். டிரம்பெட் எழும்பும்போதே நமக்கு ஒரு கறுப்பு-வெள்ளை கிளப் காட்சி தெரியத் தொடங்கிவிடும். பாட்டின் பொருள் பாலைத் திணை. தூர தேசமெல்லாம் சுற்று, பார்க்க வேண்டியதெல்லாம் பார், ஆனால் நீ யாருடையவன் என்று மறக்காதே. பொருள்வயின் பிரிந்து வந்து இதே ஜெர்சி சிட்டியில் வாடகைக்கு இருக்கும் நம் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. முன்குரல் ஜோயி வான் சொற்களை விடுவிக்க மனமில்லாதவர் போல இழுத்துப் பிடிக்கிறார். அவரை இந்த மாநிலத்திலேயே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தெரிந்தவர்கள் ஃபோர் சீசன்ஸ். நூவர்க்கின் ஃபிராங்கி வாலி, பாடல் எழுதும் பாப் காடியோ, டாமி டெவிட்டோ, நிக் மாசி. யூனியன் நகரில் வாய்ப்புக் கேட்டுக் கிடைக்காமல் போன ஒரு பௌலிங் கூடத்தின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்ட துணிச்சல்காரர்கள். 1962-ல் 'ஷெர்ரி', 'பிக் கேர்ள்ஸ் டோன்ட் க்ரை' இரண்டும் முதலிடம். 2005-ல் இவர்கள் கதை 'ஜெர்சி பாய்ஸ்' என்று பிராட்வே நாடகமானது. வாலியின் கள்ளக்குரல் உலகப் புகழ் பெற்றது. சந்திரபாபு யோடலிங் செய்வாரே, அதுபோல் குரல் உடைந்து மேலே தாவும் இடம் ரசிக்கத்தக்கது. ஆனால் சந்திரபாபுவிடம் அது துயரத்தையும் கேலியையும் ஒன்றாகக் கொண்டுவரும். வாலியிடம் பெரும்பாலும் அது வித்தையாகவே நிற்கிறது. பின்குரல்களும் கச்சிதம், அளவுக்கு மீறிய கச்சிதம். படிக்கட்டின் ஈரம் அதில் இல்லை. விற்பனையில் இவர்கள் பக்கத்தில் யாரும் வர முடியாது. என் அலமாரியில் இவர்களுக்குக் கடைசித் தட்டு.

பீட்டில்ஸ் வந்த 1964-க்குப் பிறகு இந்த அலை வடிந்தது. பாடியவர்களில் பலர் வேறு வேலைகளுக்குப் போனார்கள். ஷிரெல்ஸ் தங்கள் பணம் கேட்டு ஸ்கெப்டர் கம்பெனியோடு வழக்காடினார்கள். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. கிளிஃப்டன் நகரில் தட்டுக் கடை வைத்திருந்த ரானி இட்டாலியானோ 1976-ல் குழுப்பாட்டுக்கென ஒரு சங்கம் தொடங்கி, மறந்துபோன பாடகர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றினார். 2008-ல் அவர் இறக்கும் வரை அந்தப் பணி நடந்தது. அதே ஆண்டில் பஸேயிக் பள்ளி இருக்கும் சாலையின் ஒரு பகுதிக்கு ஷிரெல்ஸ் பெயரைச் சூட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நியூஜெர்சி ஒரு சட்டம் இயற்றியது. பழைய குழுவின் பெயரைச் சொல்லி மேடையேற வேண்டுமென்றால், தட்டில் பாடிய ஒருவராவது உரிமையோடு அந்தக் குழுவில் இருக்க வேண்டும், அல்லது பெயருக்கான வணிக உரிமை கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் அஞ்சலி நிகழ்ச்சி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். பின்னால் நின்று பாடியவருக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

நம் பக்கம் பார்த்தால் பின்குரலின் நிலை வேறு. இலங்கை வானொலி அறிவிப்பாளர் பாடகர் பெயரைச் சொல்லி 'மற்றும் குழுவினர்' என்று முடிப்பார். தட்டின் லேபிளிலும் அவ்வளவுதான். எல்.ஆர். ஈஸ்வரியின் தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு போய் நின்ற ஈஸ்வரியும் கோரஸில்தான் தொடங்கினார். 1961-ல் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. அதே பாட்டில் அவருக்குப் பின்னால் நின்று பாடிய பெண்களின் பெயர்களை எந்தத் தட்டும் அச்சிடவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கோடம்பாக்கத்தில் கோரஸ் பாடியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க எடிசனுக்கும் டாலஸுக்கும் ஃப்ரீமாண்டுக்கும் வந்துபோகிறவர்களிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தால், எந்தப் பாட்டு, எந்த வருடம், எந்த ஸ்டூடியோ, பக்கத்தில் நின்று பாடியவர் யார் என்று கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.