சொக்கையும் கன்னமும்

"தெல்லிப்பழையில போய் கரண்டு வைச்சா பிளானிங்கெல்லாம் சரியா இருக்காதும்மா." சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பருத்தித்துறைப் பெண் ஒருவர் கேட்ட வார்த்தை இது. கணவரின் சொக்கைப் புற்றுக்கு ஒப்பரேசன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சொன்னவர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்ததில்லை.

சென்னையில் கன்னம், யாழ்ப்பாணத்தில் சொக்கை. அங்கே அறுவை சிகிச்சை, இங்கே சத்திரசிகிச்சை. கதிர் சிகிச்சை என்ற கரண்டை அங்கே 'வைப்பார்கள்', இங்கே 'பிடிப்பார்கள்'. கதிர் பட்டு வற்றுவது அங்கே எச்சில், இங்கே துப்பல். சொல்லில் இத்தனை வித்தியாசம் இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

அந்த வேலை, அதாவது கதிரை எங்கே பாய்ச்சுவது என்று திட்டமிடும் பிளானிங், கடினமானது. வெட்டி எடுத்த பிறகு ஸ்கேனில் கட்டி தெரியாது. அது இருந்த இடத்தை மருத்துவர் மறுபடி வரைய வேண்டும். அதற்குப் பழைய ஸ்கேன், ஒப்பரேசன் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை மூன்றும் மேசையில் இருக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் புற்றணு எஞ்சியதா, கழுத்து நிணநீர்க் கணுவின் உறையைத் தாண்டியதா என்று பார்த்தே கதிரின் அளவு 60 கிரேயா, 66 கிரேயா, கூடவே சிஸ்பிளாட்டின் மருந்தும் ஏற்றுவதா என்று முடிவு செய்வார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் படியவைத்து முகமூடி செய்வது மும்பைக்கும், கொழும்புக்கு அருகே புற்றுநோய் மருத்துவமனை உள்ள மகரகமைக்கும் பொது.

இந்தியாவிடம் எந்திரங்கள் அதிகம், அனுபவமும் பெரிது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தை இலங்கையின் வடக்கில் அறியாதவர் குறைவு. ஆரம்பநிலை வாய்ப்புற்றிலும் கழுத்துக் கணுக்களை முதலிலேயே அகற்றினால் மூன்றாண்டு உயிர்வாழ்வு 67.5இலிருந்து 80 சதவீதமாகிறது என்று 2015இல் காட்டியது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை.

ஆனால் பல் என்று வந்தால் இலங்கையின் கைதான் ஓங்கும். இங்கே வாய்ப்புற்றை வெட்டுபவர் பெரும்பாலும் பல் வைத்தியராகத் தொடங்கி, வாய், முக சத்திரசிகிச்சை நிபுணரானவர். கதிர் பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம் என்பது அவருக்குப் பாலபாடம். இந்தியக் குழுக்களிலும் பல் மருத்துவர் உண்டென்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. பருத்தித்துறைக்காரரின் கோப்பில் மட்டும் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெல்லிப்பழையில் கிளினிக் கொப்பி திறந்த அன்றே தாடைப் படம் எடுக்க அனுப்பினார்கள். சொத்தையான இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, புண் ஆறும்வரை காத்திருந்தார்கள்.

தெற்கே தெய்வேந்திரமுனைக்கும் வடக்கே பருத்தித்துறைக்கும் இடையே 2011இல் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்து திரட்டிய பணத்தில் எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது இந்த மருத்துவமனை. அதற்கு முன் வடக்கின் நோயாளிகள் பலர் மகரகமைக்குப் போக வேண்டியிருந்தது. போரில் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி மூடிக்கிடந்தபோது அதுவும் எளிதாக இருக்கவில்லை. அந்தக் காலத்தைக் கண்டவர்களிடம்தான் பிளானிங் சரியாக இருக்காது என்று சொல்லப்பட்டது.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கதிர் தொடங்குவது நல்லது. பற்களுக்காகக் காத்திருந்தும் பருத்தித்துறைக்காரருக்கு ஆறாம் வாரம் முடியுமுன் தொடங்கிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 30 முறை. சென்னையென்றால் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருப்பார்கள். இங்கே அவர் காலையில் பருத்தித்துறையில் பஸ் ஏறி, முகமூடிக்குள் சில நிமிடம் படுத்தெழும்பி, மனைவி ஆறவைத்த பாற்கஞ்சிக்கு மதியத்துக்குள் வீடு திரும்பினார். சிகிச்சைக்கென்று ஒரு சதமும் வாங்கவில்லை.