அய்யூப் நபியின் பொறுமை

பொறுமை என்றதும் நம் இல்லங்களில் முதலில் எழும் பெயர் அய்யூப் நபி (அலை) அவர்களுடையது. ஆனால் நபிமார் சரிதைகளாக வழங்கும் கதைநூல்கள் பல அவர்களைக் காட்டும் விதம் நமக்கு உடன்பாடன்று. மேனியெங்கும் புழு நெளிந்ததாகவும், கீழே விழுந்த புழுவை அவர்களே எடுத்துப் புண்ணில் மீண்டும் வைத்ததாகவும் அவை விரித்துரைக்கின்றன. திருமறையில் இப்புழு இல்லை. நோயைப் பேணுவதே பொறுமை என்னும் மயக்கத்தை இக்கற்பனை விதைக்கிறது.

திருமறை சொல்வது வேறு. அன்பியா அத்தியாயத்தில் அவர்கள் இறைவனை அழைத்து, துன்பம் தம்மைத் தீண்டியதென முறையிடுகின்றார்கள். தீண்டுதலைக் குறிக்கும் 'மஸ்ஸ' என்னும் சொல் நோக்கத்தக்கது. நோயை அது மறைக்கவுமில்லை; மிகைப்படுத்தவுமில்லை. ஸாத் அத்தியாயத்தில், காலால் நிலத்தை உதைக்குமாறு கட்டளை பிறக்கிறது. குளிக்கவும் பருகவும் குளிர்நீர் கிடைக்கிறது. இவ்வாறு முறையிட்டு முயன்றவரையே அவ்வத்தியாயம் பொறுமையாளர் எனப் போற்றுகிறது. ஆகவே ஸப்ரு என்பது வாய்மூடிக் கிடத்தல் அன்று.

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. திருப்பூரில் 1925ஆம் ஆண்டளவில் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்ட குலாம் காதர் நம்மவர். அத்தொழிலுக்கு நூல் தரும் நூற்பாலைகளில், பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் பிரிவுகளில் எழும் தூசி, 'பிஸினோஸிஸ்' என்னும் நுரையீரல் நோயைத் தரவல்லது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். தொடக்கத்தில் அடுத்த நாட்களில் தணியும். அந்நிலையிலேயே தூசியை விட்டு விலகினால் மூச்சு மீளும். ஆண்டுகள் பல கடந்தால் பழுது நிலைத்துவிடும். கூலி போகுமே என அஞ்சி இருமலை மறைப்பதற்கு அய்யூப் நபியின் பெயரைச் சூட்டுதல் தகுமா? 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணை இதனைத் தொழில்சார் நோயெனக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவ்வாறே கொண்டுள்ளது. முறையிட வாயில் உண்டு.

பழுது நிலைத்துவிட்டவர்க்கு ஆறுதல் யாது? நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நம் மார்க்கச் சட்டம். உடலின் எல்லையை அது ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அடியானைத் தொழுகையின் வரிசையிலிருந்து நீக்கவில்லை. தீராத நோயோடு வாழ்வோர்க்கு ஏற்பும் நம்பிக்கையும் இணையும் இடம் இதுவே.

இவ்வரலாற்றை இல்லங்களில் எடுத்துரைப்போர் இனியேனும் புழுவை விடுத்து ஊற்றைச் சொல்வார்களாக!